ஃபேன் பிட் டிக்கெட் எடுக்கறதா, ஜெனரல்ல நிக்கறதா? முதல் மெட்டல் ஷோ, உதவுங்க

திருச்சி_திராஷ்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இது முதல் பதிவு. பெங்களூர்ல ஒரு மெட்டல் (ஹெவி மெட்டல் ராக் இசை) ஷோவுக்கு போகப்போறேன், பேண்ட் பேரை வேணும்னேதான் சொல்லல, சொன்னா இழை முழுக்க அவங்க பழைய ஆல்பம் நல்லாருந்துச்சா புதுசு நல்லாருக்கான்னு சண்டைதான் ஓடும். என் கேள்வி வேற. டிக்கெட் ரெண்டு வகையா போட்டிருக்காங்க. ஜெனரல் ஒரு விலை, மேடைக்கு முன்னாடி தனியா வேலி கட்டி ஃபேன் பிட்னு அதுக்கு ரெண்டரை மடங்கு. நான் காலேஜ் மூணாவது வருஷம், ஃபேன் பிட் எடுத்தா அந்த மாசம் மெஸ் பில்லுக்கு வீட்ல ஏதாவது கதை விடணும். எட்டாவது படிக்கறப்ப இருந்து ஹெட்போன்ல கேக்கறேன், நேர்ல ஒரு தடவகூட பாத்ததில்ல. பின்னாடி நின்னு திரையில பாக்கறதுக்கு யூடியூப்லயே பாத்துக்கலாமேன்னு ரூம்மேட் கேக்கறான். இன்னொன்னு, நான் நல்ல ஒல்லி, மாஷ் பிட்ல, அதான் ஒருத்தர ஒருத்தர் மோதி ஆடற கூட்டத்துல, சிக்கினா முழுசா வெளிய வருவேனா?

இரும்புக்காது:
ஜெனரல் எடு தம்பி, யோசிக்காத.

2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ்ல அயர்ன் மெய்டன் பேண்டு. இந்தியாவுல நடந்த முதல் பெரிய மெட்டல் ஷோன்னு இன்னிக்கும் எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. முந்தின நாள் ராத்திரி சென்னை சென்ட்ரல்ல பெங்களூர் மெயில் ஏறினா பெட்டி பூரா கருப்பு டீ-ஷர்ட்டு, டிடிஆர் ஏதோ கட்சி மாநாடுன்னு நெனச்சுட்டார். மெயின் பேண்டுக்கு முன்னாடி ஓப்பனிங் வாசிச்சது டெல்லி பேண்டு பரிக்ரமா, அப்புறம் மெய்டன் பேஸிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸோட பொண்ணு லாரன் ஹாரிஸ். அந்த பரிக்ரமாவை அந்த வருஷமே இங்கிலாந்து டவுன்லோட் ஃபெஸ்டிவல்ல வாசிக்க கூப்ட்டாங்க, அது எப்படி நடந்துச்சுன்னு நெனைக்கற? ஓப்பனிங் பேண்டுக்கும் மேடைக்கு கீழ ஆள் நெருக்கிட்டு நின்னுச்சு, கத்துச்சு.

இப்ப நான் பாக்கற கொடுமை என்னன்னா, காசு குடுத்து முன்னாடி இடம் வாங்கினவன் மெயின் பேண்டுக்குத்தான் வர்றான், அதுவும் அஞ்சு நிமிஷம் முன்னாடி. சாயங்காலம் நாலு மணிக்கு நம்ம ஊர் பசங்க பேண்டு மேடை ஏறும்போது வேலிக்கு முன்னாடி வெறும் புல்தரை, நாலு செக்யூரிட்டி, ஒரு போட்டோகிராஃபர். வேலிக்கு இந்தப்பக்கம் நாங்க ஆயிரக்கணக்குல நிக்கறோம், எங்க சத்தம் மேடைக்கு போய் சேரவே இல்ல. அந்த பாடகன் காலி இடத்தை பாத்து "கையத் தூக்குங்க"ன்னு கத்தறான். யாருக்குடா அது? அத பாத்ததுல இருந்து அந்த டிக்கெட்ட நான் தொடறதில்ல.

டபுள்பேஸ்_சேலம்:
அண்ணன் சொல்றது பாதி சரி. ஆனா வேலி கட்டறதே காசுக்குத்தான்னு புதுப்பையன் நெனச்சிடக்கூடாது, அதனால சொல்றேன். நான் லைவ் சவுண்ட் வேலை பாக்கறவன், மேடை பக்கத்துல நின்னு கூட்டத்தை பாத்திருக்கேன்.

1988 ஆகஸ்ட் 20, இங்கிலாந்து டோனிங்டன், மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக். லட்சம் பேருக்கு மேல கூட்டம், மழை பேஞ்ச சேறு, சரிவான நிலம். கன்ஸ் அண்ட் ரோசஸ் வாசிக்கும்போது கூட்டம் சரிஞ்சு ரெண்டு பேர் மிதிபட்டு செத்தாங்க. அடுத்த வருஷம் அந்த விழாவே நடக்கல. 2000ல டென்மார்க் ராஸ்கில்டே விழால பேர்ல் ஜாம் பேண்டு மேடைல இருக்கும்போது 9 பேர். இதுல எதுவுமே மாஷ் பிட்ல ஆடி செத்தது இல்ல. பின்னாடி இருக்கறவனுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாது, அவன் கொஞ்சம் கொஞ்சமா தள்ளுவான், அந்த தள்ளு எல்லாம் சேந்து முன்வரிசைல இருக்கறவன் நெஞ்சுல வந்து உக்காரும். மூச்சு விட எடம் இருக்காது. இந்த தள்ளு ஒன்னா சேராம உடைக்கறதுக்குத்தான் நடுவுல ரெண்டாவது வேலி.

நம்ம ஊரு கதையும் இருக்கு. 2011 அக்டோபர் 28, குர்கான்ல மெட்டாலிகா ஷோ. வேலி உடைஞ்சுது, பாதுகாப்பு இல்லன்னு ஷோ நின்னுச்சு, கூட்டம் மேடை ஏறி உபகரணத்தை எல்லாம் அடிச்சு நொறுக்கிடுச்சு, ஏற்பாடு பண்ணினவங்கள போலீஸ் கைது பண்ணாங்க. ரெண்டு நாள் கழிச்சு 30ஆம் தேதி பெங்களூர்ல அதே பேண்டு, மழை, முட்டி வரைக்கும் சேறு, ஆனா ஷோ நடந்துச்சு. போனவங்க இங்கயே நெறைய பேர் இருக்கீங்க, சொல்லுங்க.

இரும்புக்காது:
டபுள்பேஸு, பெங்களூர்ல அன்னிக்கு நான் இருந்தேன். குர்கான்ல இருந்து டிக்கெட் வீணாப்போன பசங்க சில பேர் கெடைச்ச வண்டிய புடிச்சு அங்க வந்து சேந்தானுங்க. வேலி தப்புன்னு நான் சொல்லல, வேலிக்கு வெல போட்டதுதான் தப்பு. வெயில்ல காலையில இருந்து நின்னவனுக்குத்தான் முன்வரிசை.

கருப்பு_மல்லி:
இரும்புக்காது அண்ணா, மன்னிக்கணும், இதுல எனக்கு கோவமே வருது. வெயில்ல காலையில இருந்து நின்னவனுக்குத்தான் முன்வரிசைன்னு பேச ஆம்பளைங்களுக்கு ஈஸி. காலைல பத்து மணிக்கு க்யூல நின்னா ராத்திரி பத்து வரைக்கும் நான் பாத்ரூம் எங்க போறது? தண்ணி குடிக்காம நின்னு மயங்கி விழுந்த பொண்ணுங்கள எனக்கு தெரியும். ஒரு தடவ வெளிய போனா போன எடம் போச்சு. அப்புறம் ஜெனரல்ல பின்னாடி இருந்து கை வர்றது, அது யாரு கைன்னு திரும்பி பாத்தா பத்து பேர் மேடைய பாத்துட்டு இருப்பானுங்க. அது மாஷ் பிட்ல நடக்கறதில்ல, ஆச்சரியமா இருக்கும் உங்களுக்கு, அதுக்குள்ள ஆடறவன் எவனும் என்கிட்ட அப்படி நடந்ததில்ல, ஓரத்துல சும்மா நிக்கற கூட்டத்துலதான். அதனால சம்பளம் வாங்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து நான் ஃபேன் பிட்தான். ஓப்பனிங் பேண்டுக்கும் நாங்க நாலு பொண்ணுங்க முதல்லயே போய் நின்னுடுவோம், எங்களையும் சேத்து அஞ்சு நிமிஷம் முன்னாடி வர்றவங்க லிஸ்ட்ல போடாதீங்க.

தம்பி, மாஷ் பிட் பத்தி கேட்டல்ல. கீழ விழுந்தா தூக்கி விட்டுடுவாங்க, அது நெஜம், கண்ணு மூடி தொறக்கறதுக்குள்ள ரெண்டு மூணு கை வந்து தூக்கும். ஆனா அத நம்பி ஷூ லேஸ அவுத்து விட்டுட்டு போகாத, நல்லா இறுக்கி ரெண்டு முடிச்சு. செருப்பு கூடவே கூடாது. கண்ணாடி போடறவனா இருந்தா ஓரமா நில்லு. போன் ஜிப் வச்ச பாக்கெட்ல. நெரிசல்ல கைய தொங்க விடாத, குத்துச்சண்டைக்காரன் மாதிரி நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வை, அப்பதான் மூச்சுக்கு எடம் கெடைக்கும். சுத்தி எல்லாரும் நகர்றப்ப நீயும் நகரு, எதுத்து நிக்காத. பாட்டு நடுவுல திடீர்னு கூட்டம் ரெண்டா பிரிஞ்சு நடுவுல காலி எடம் வந்துச்சுன்னா அது வால் ஆஃப் டெத், ரெண்டு பக்கமும் ஓடி வந்து மோதுவாங்க, முதல் ஷோவுக்கு அது வேணாம், ரெண்டு வரிசை பின்னாடி போயிடு.

கணக்குப்பிள்ளை:
பிட் பத்தி பேச்சு வந்ததால ஒரு சுவாரசியமான விஷயம். அமெரிக்கா கார்னெல் பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி மாணவர், அவரே மெட்டல் ரசிகர், யூடியூப்ல கெடக்கற மாஷ் பிட் வீடியோவை எல்லாம் எடுத்து யாரு எந்த வேகத்துல நகர்றாங்கன்னு அளந்தார். 2013ல ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்ல கட்டுரையாவே வந்துச்சு. மாஷ் பிட்ல ஆடறவங்களோட வேகத்தை கணக்குப் போட்டா அடைச்ச வாயுவோட மூலக்கூறு எப்படி கண்டபடி மோதுமோ அப்படியே வருதாம். வட்டமா சுத்தி ஓடற சர்க்கிள் பிட்னா சுழல். அதுவும் பெரும்பாலான சர்க்கிள் பிட்டு கடிகாரத்துக்கு எதிர் பக்கமாத்தான் சுத்துதாம். அடுத்த ஷோல நின்னு பாருங்க, நான் பாத்தேன், கடிகாரம் சுத்தற பக்கமா சுத்தறவன் ஒருத்தன் வந்தான், எல்லாரும் அவன திருப்பி விட்டாங்க.

பினாங்கு_டிரம்ஸ்:
முன்னாடியா பின்னாடியான்னு சண்ட போடறதுக்கு உங்களுக்கு ஷோவாச்சும் நடக்குது லா. 2013 செப்டம்பர்ல கோலாலம்பூர்ல லாம்ப் ஆஃப் காட் பேண்டு வர்றதா இருந்துச்சு. டிக்கெட்லாம் வித்தாச்சு, மத சம்பந்தமா எதிர்ப்பு கெளம்பி பெர்மிட் கெடைக்கல, ஷோ இல்ல. காசு போனது கூட பெருசில்ல, வாங்கி வச்ச டிக்கெட்ட சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். நாங்க எது வந்தாலும் சிங்கப்பூருக்கு பஸ் ஏறிடறது, ஜோகூர் பாலத்துல ரெண்டு மணி நேரம் நின்னாலும் பரவால்ல. அதே வருஷம் ஆகஸ்ட்ல சாங்கி எக்ஸிபிஷன் சென்டர்ல மெட்டாலிகா பாத்தோம். வெள்ளி கணக்கு பாத்தா அந்த மாசம் ரொட்டி சனாய்தான்.

சிங்கப்பூர்னு சொன்னதும் ருத்ராவ சொல்லாம போனா பாவம். 1992ல ஆரம்பிச்ச பேண்டு, நம்ம பசங்க, டெத் மெட்டல்ல சமஸ்கிருத சுலோகம், உபநிஷத்து. கதிர் அண்ணன் பேஸும் வாசிச்சு குரலும் குடுப்பாரு. சின்ன ஹால்ல அவங்கள பாத்திருக்கேன், அங்க ஃபேன் பிட்டும் கெடையாது ஜெனரலும் கெடையாது, மேடை முட்டி உயரம், பாடகர் வேர்வ நம்ம மேல தெறிக்கும்.

ஹாம்பர்க்_பெடியன்:
நான் இருக்கிற இடத்தில இருந்து, ஜெர்மனியில பெரிய மெட்டல் திருவிழா நடக்கிற வாக்கன் ஒரு மணித்தியாலத்துக்கு கொஞ்சம் கூட. ரெண்டாயிரம் சனம்கூட இல்லாத ஊர், 1990ல சின்னனா தொடங்கினது, இப்ப ஆகஸ்ட் வந்தா 85 ஆயிரம் பேர் வந்து இறங்குவினம். பாட்டிமார் வீட்டு வாசல்ல கதிரை போட்டு இருந்து கை காட்டுவினம், கருப்பு உடுப்பு போட்ட தாடிக்காரரெல்லாம் குனிஞ்சு ஹலோ சொல்லிப்போட்டு போவாங்கள். ஊர் தீயணைப்புப் படையிண்ட பேண்ட் வாத்தியக்காரர் வந்து வாசிப்பினம், அதுக்கும் சனம் தலைய ஆட்டி ஹெட்பேங் பண்ணும்.

அங்க முன்னுக்கு நிக்கிறதுக்கு தனி டிக்கெட் இல்லை. ஒரு டிக்கெட், 300 யூரோவுக்கு மேல, கூடாரம் அடிக்கிற இடமும் அதுக்குள்ளதான், சில வருஷம் வித்து முடியுறதுக்கு கனநேரம் எடுக்காது. முதல் வந்தவன் முன்னுக்கு. மழை எண்டா கதை வேற. 2023ல பெய்த மழையில வயல் எல்லாம் சேறாகி கார் உள்ளுக்க போகேலாம, இனி ஒருத்தரும் வரவேண்டாம் எண்டு அறிவிச்சவங்கள். டிக்கெட் வச்சிருந்த ஆயிரக்கணக்கான சனம் பாதி வழியில திரும்பினது. நான் முதல் நாளே போட்டன், அதால தப்பினன், ஆனா என்ர சப்பாத்து அங்கயே புதைஞ்சு கிடக்கு.

டபுள்பேஸ் அண்ணை ராஸ்கில்டே பற்றி சொன்னவர். அந்த ஒன்பது பேர் செத்த பிறகு அங்க பெரிய மேடைக்கு முன்னால வேலி போட்டு பிரிச்சவங்கள். ஆனா அதுக்குள்ள போக காசில்லை. தனி வரிசை, எண்ணி விடுவாங்கள், நிரம்பினா வாசல் பூட்டு. வேலியும் இருக்கு, விலையும் இல்லை. உங்கட ஆக்கள் ஏன் இத செய்யிறேல்லை?

டபுள்பேஸ்_சேலம்:
ஏன்னா பேண்டுக்கு குடுக்கற காசு, விமானம், ஹோட்டல், வாடகை மேடை, போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் கூட்டினா ஜெனரல் டிக்கெட்ட வச்சு மட்டும் தேறாது. மெய்டன் மாதிரி சொந்த பிளேன்ல வர்ற ஆளா எல்லாரும்? 2008ல அவங்க அப்படித்தான் வந்தாங்க, போயிங் 757, பாடகர் புரூஸ் டிக்கின்சனே ஓட்டிட்டு, பிப்ரவரி 1 மும்பைல அந்த உலக டூரோட முதல் ஷோ. மத்தவங்களுக்கு கிடாரும் டிரம்ஸும் அனுப்பற சரக்குக் கூலியே தலைய சுத்தும். மேல் தட்டு டிக்கெட் அதுக்குத்தான். ஆனா பெடியன் சொன்ன முறைய இங்க பண்ண முடியாதுன்னு நான் சொல்லமாட்டேன். குறைஞ்சபட்சம் ஃபேன் பிட்ட மேடையோட ஒரு பக்கம் மட்டும் வச்சு இன்னொரு பக்கத்த ஜெனரலுக்கு விடலாம். டிக்கெட் பக்கத்துல மைதான வரைபடம் போடுவாங்க, அத பாக்காம யாரும் காசு கட்டாதீங்க. சில ஷோல ஃபேன் பிட் ஆழம் அவ்ளோ அதிகமா இருக்கும், ஜெனரல் ஆரம்பிக்கற இடத்துல இருந்து பாடகர் கட்டைவிரல் சைஸ்தான்.

தம்பிக்கு ஒரு ரகசியம். நீ சவுண்டுக்காக போறன்னா முன்வரிசை வேஸ்ட். அங்க கேக்கறது டிரம்ஸோட நேரடி சத்தமும் கிடார் ஆம்ப்பும் கீழ வச்ச சப்வூஃபர் ஸ்பீக்கரும்தான், குரல் உன் தலைக்கு மேல போயிடும். மைதானத்து நடுவுல ஒரு கூடாரம் இருக்கும், மிக்ஸர் டெஸ்க், சவுண்ட் எஞ்சினியர் அங்க நின்னு அங்க கேக்கறத வச்சுத்தான் எல்லாத்தையும் சரி பண்ணுவாரு. அதுக்கு கொஞ்சம் முன்னாடி நில்லு. டபுள் பேஸ் டிரம்மோட ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேக்கும். அது பெரும்பாலும் ஜெனரல்லதான் இருக்கும், ரெண்டரை மடங்கு காசு குடுத்தவனுக்கு அது கெடையாது.

திருச்சி_திராஷ்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பதில் வரும்னு நெனைக்கல. காது பத்தி ஒன்னு கேக்கணும். அம்மாவுக்கு அதுதான் பயம், செவிடாகிடுவன்னு. இயர்பிளக் போட்டா கேவலமா பாப்பாங்களா?

டபுள்பேஸ்_சேலம்:
அம்மா சொல்றதுதான் சரி. உலக சுகாதார அமைப்பு 2022ல இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு சராசரி 100 டெசிபல தாண்டக்கூடாதுன்னு தரம் சொல்லியிருக்கு. மெட்டல் ஷோல அத தாண்டறது சாதாரணம். மேடைல இருக்கறவன் காத பாரு, முக்கால்வாசி பேர் ஏதாவது மாட்டியிருப்பான். மெடிக்கல் ஷாப்ல கெடைக்கற ஃபோம் பிளக்கே போதும், ஆனா சும்மா காது வாசல்ல சொருகாத. மெல்லிசா உருட்டி, இன்னொரு கையால காது மடலை மேல இழுத்து, உள்ள விட்டு, அது விரியற வரைக்கும் விரலால புடிச்சுக்கோ. கேவலமா பாக்கறவன் நாப்பது வயசுல ராத்திரி பூரா காதுக்குள்ள கொய்ங்னு கேட்டுட்டு படுத்திருப்பான்.

இரும்புக்காது:
அந்த கடைசி வரி என்னத்தான் குத்திக் காட்டுதா டபுள்பேஸு? என் பேர பாத்துட்டு எழுதினியா?

சென்னை_ரிஃப்:
நடுவுல வர்றேன். எல்லாரும் பெங்களூர் பெங்களூர்ங்கறீங்க, சென்னைக்கும் ஸ்வீடன் பேண்டு ஓபெத் வந்தாங்க. 2009, ஐஐடி சாரங், ஓப்பன் ஏர் தியேட்டர். பாட்டுக்கு நடுவுல பாடகர் மிகேல் ஆகெர்ஃபெல்ட் சாவகாசமா ஜோக் அடிச்சிட்டு இருந்தார், அந்த படிக்கட்டு இருக்கைல உக்காந்துட்டு பின்வரிசைல இருந்தும் முகம் தெரிஞ்சுது. கல்லூரி விழான்றதால டிக்கெட்டும் கைக்கு அடக்கம். அதுக்கப்புறம் ஏன் வரமாட்டேங்கறாங்கன்னு கேட்டா எல்லாரும் கூட்டம் வராதுங்கறாங்க. பெங்களூர் ஷோல பார்க்கிங்ல நிக்கற வண்டில எத்தன டிஎன் நம்பர்னு எண்ணி பாத்தா தெரியும் யாரு கூட்டம்னு.

கருப்பு_மல்லி:
ரிஃப் அண்ணா சொன்னது நூறு சதவீதம். வண்டின்னதும் ஞாபகம் வந்துச்சு, தம்பி திரும்பி வர்றதுக்கு ஏற்பாடு பண்ணியா? போறதுக்கு மைசூர் எக்ஸ்பிரஸ் திருச்சில ராத்திரி ஏறினா காலைல பெங்களூர். ஆனா திரும்பி வர்ற வண்டி சாயங்காலமே கெளம்பிடும், ஷோ அப்பதான் ஆரம்பிச்சிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல திறந்த வெளில ஸ்பீக்கர் கூடாதுன்னு சட்டம், அதனால ஷோ பத்துக்குள்ள முடிஞ்சிடும், ஆனா மைதானத்த விட்டு வெளிய வந்து வண்டி புடிக்கறதுக்குள்ள ஒரு மணி நேரம் போயிடும். ஸ்லேயர் பேண்டு 2012ல வந்தப்ப பாரதியா சிட்டி, ஊருக்கு வடக்கு மூலை, அங்க இருந்து மடிவாளாவுக்கு வந்து பஸ் புடிக்கறதுக்குள்ள பாதி பேருக்கு பஸ்ஸு போயிடுச்சு. ராத்திரி யாராவது ஃப்ரெண்டு ரூம்ல தங்கிட்டு காலைல கெளம்பு. உள்ள தண்ணி பாட்டில் கொண்டு போக விடமாட்டாங்க, மதியம் நல்லா சாப்டுட்டு போ, கழுத்துக்கு மறுநாள் அயோடெக்ஸ்.

திருச்சி_திராஷ்:
ஜெனரல் போட்டாச்சு! வரைபடம் பாத்தேன், மிக்ஸர் டெஸ்க் ஜெனரல்லதான் இருக்கு. பிளக்கும் வாங்கிட்டேன். மூணு மணிக்கு கேட் தொறக்குதாம், அப்பவே உள்ள போயிடறேன். இரும்புக்காது அண்ணன் சொன்னத படிச்சதுல இருந்து ஓப்பனிங் பேண்டு மூணு பேரோட பாட்டையும் தேடி கேட்டுட்டு இருக்கேன், ரெண்டாவது பேண்டு செம, டிரம்மர் மனுஷனே இல்ல. அவங்க ஆல்பம் எங்கயுமே வாங்க கெடைக்கல, யாருக்காவது தெரியுமா?

சென்னை_ரிஃப்:
கடைல தேடாத. சின்ன பேண்டெல்லாம் வாசிச்சு முடிஞ்சதும், டீ-ஷர்ட்டு சிடி விக்கற மெர்ச் டேபிளுக்கு அவனுங்களே வந்து நிப்பானுங்க, வாசிச்ச வேர்வையோட டிரம்மரே சிடிய பில் போட்டு குடுப்பான். சில்லறையா காசு எடுத்துட்டு போ, ஆயிரம் பேர் ஒரே நேரத்துல போன நோண்டறதுல அங்க ஜிபே வேல செய்யாது.